யார் கொடுக்கும் மருந்து? – 17: மண்ணிடம் தோற்ற ஊசி

கொரோனாவுக்கென்று ரெம்டெசிவிர் குப்பி வாங்கக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் விடிய விடிய நின்ற வரிசையோடு போன வாரம் நிறுத்தினேன். அந்த மருந்தைப் பரிந்துரைக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லிவிட்டது, நம் வரிசை 2021 ஏப்ரலில்தான் ஆரம்பித்தது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதெல்லாம் ஞாபகமிருக்கும். மற்றவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள், மறுபடி சொல்ல இடமில்லை.

இந்த வாரம் நடிகர் விவேக்கும் அவருடைய பெருங்கோட்டூரும், பிறகு தடுப்பூசிக் கம்பெனிகளின் விலை விவகாரம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். விவேக் வருகிறார். விலை வந்து சேருமா என்பது எனக்கே சந்தேகம். திங்கட்கிழமை முடிவெட்டப் போனதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

சலூனில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர். விசைத்தறியில் நாற்பது வருஷம் ஓட்டியவர், இப்போது ரதவீதியில் பேரனின் கடையில் உட்கார்ந்திருக்கிறார். சட்டையைக் கழற்றிப் பனியனோடு நாற்காலியில் ஏறியபோது அவருடைய மேல்கையில் இரண்டு தடம் தெரிந்தது. மேலே இருந்தது பழைய நாலணா அளவு, சுருங்கிய தோல் வரிவரியாக ஓடுகிறது. அதற்கு இரண்டு விரற்கடை கீழே உளுந்து அளவில் ஒரு குழி. நான் உற்றுப் பார்ப்பதைக் கண்ணாடியில் கவனித்துவிட்டார்.

“இது அம்மை குத்துனது. இது காசத்துக்குப் போட்டது, பள்ளிக்கூடத்துல வரிசையா நிக்க வச்சு. மூணாவதா ஒண்ணு கொரோனாவுக்குப் போட்டாவளே, அது தடமே இல்லாமப் போயிட்டு. தடமில்லாத ஊசிய எப்படிவே நம்புறது?”

கத்தரிக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து பெருங்கோட்டூர் பற்றி எழுத உட்கார்ந்தால் கை அந்த உளுந்துக் குழியையே எழுதுகிறது. சரி, முதலில் கடனை அடைக்கிறேன்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெருங்கோட்டூர்தான் விவேக்கின் சொந்த ஊர். அவர் படத்தில் பேசும்போது எங்கள் பக்கத்துக் காதுகளுக்கு மட்டும் கேட்கிற ஒரு இழுவை உண்டு. 2021 ஏப்ரல் 15, சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், கேமராக்களுக்கு முன்னால் கோவாக்சின் போட்டுக்கொண்டார். சுகாதாரத் துறைச் செயலாளர் ராதாகிருஷ்ணன் உடன் இருந்தார். தனியாருக்குப் போகாமல் அரசு மருத்துவமனைக்கு ஏன் வந்தேன் என்று விவேக்கே விளக்கினார்: ஏழை எளியவர்கள் வருகிற இடம் இதுதான், அவர்களுக்கு நம்பிக்கை வரவேண்டும். மறுநாள் காலை வீட்டில் மயங்கி விழுந்தார். இதயத்துக்குப் போகும் முக்கியமான ரத்தக் குழாயில் முழு அடைப்பு. 17-ஆம் தேதி விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

அடைப்பு ஒரே நாளில் உண்டாவதில்லை. தடுப்பூசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று 16-ஆம் தேதியே மருத்துவர்களும் அதிகாரிகளும் பேட்டி கொடுத்தார்கள். விவேக்கைச் சேர்த்திருந்த மருத்துவமனை வாசலில் நடிகர் மன்சூர் அலிகான் ஊசியைத் திட்டித் தீர்த்தார். அவர்மேல் வழக்குப் பாய்ந்தது. முன்ஜாமீன் கேட்டுப் போனவரிடம், தடுப்பூசி வாங்குவதற்கென்று 2 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது உயர் நீதிமன்றம். ஊசியைத் திட்டியவர் காசில் ஊசி! நீதிபதிகளுக்கு நகைச்சுவை கிடையாது என்று இனி யாரும் சொல்லக்கூடாது.

தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, ‘தொடர்பில்லை’ என்று சொன்னது அக்டோபரில். ஆறு மாதம் கழித்து. அந்தச் செய்தி எங்கள் ஊர் டீக்கடை வரைக்கும் வரவேயில்லை. ஏப்ரல் செய்தி மட்டும் இன்னும் இருக்கிறது. என் தெருவில் ஒரு அக்கா அந்த வருஷம் முழுக்க, “நல்லா இருந்த மனுசன், டிவியிலதானே பாத்தோம்” என்ற ஒரே வாக்கியத்தில் நாலு முகாம்களைத் தட்டிக்கழித்தார். குழுவின் முடிவு சரிதான், நான் அதை மறுக்கவில்லை. விசாரணை தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்ட சரியான பதிலை ஊர் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ‘சமாளிக்கிறாங்க’ என்றுதான் எடுத்துக்கொண்டது.

இப்போது உளுந்துக் குழி.

பெரியவர் கையில் இருப்பது பி.சி.ஜி. உங்கள் கையிலும் இருக்கும், தடவிப் பாருங்கள். காசநோய்க்கான இந்த ஊசி 1948-இல் மதனப்பள்ளியில், அன்றைய சென்னை மாகாணத்தில், சோதனை அளவில் தொடங்கியது. மருந்து தயாரித்தது நம்முடைய கிண்டி அரசு ஆய்வகம். 1951-க்குப் பிறகு நாடு முழுக்கப் பரந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு குழு ஊருக்குள் வரும், பிள்ளைகளை நிற்க வைக்கும், போட்டுக்கொண்டே போகும். அப்பா அம்மாவைக் கேட்பதெல்லாம் அபூர்வம்.

இதை எதிர்த்து எழுந்தவர்களில் பெரிய குரல் யாருடையது தெரியுமா? ராஜாஜி. எனக்கு இது போன மாதம் வரைக்கும் தெரியாது, வெட்கத்தோடு சொல்கிறேன். குலக்கல்வியும் தெரியும், கென்னடியைப் பார்த்து அணுகுண்டு சோதனையை நிறுத்தச் சொன்னதும் தெரியும். முதலமைச்சர் பதவியிலிருந்து இறங்கி ஒரு வருஷம் ஆன நிலையில், 1955-இல், எழுபத்தாறு வயதில், ‘பி.சி.ஜி. தடுப்பூசியை நான் ஏன் எதிர்க்கிறேன்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகமே போட்டார். சென்னையில் ஏ.வி. ராமன் என்ற சுகாதாரப் பொறியாளர் அதற்கும் முன்னாலேயே எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் ராமன் எழுதினால் பத்திரிகையின் நாலாம் பக்கம், ராஜாஜி எழுதினால் டெல்லி பதறும். மத்திய சுகாதார அமைச்சர் அம்ரித் கௌர் பதில் சொல்ல வேண்டி வந்தது. சென்னை ராஜ்யத்தில் ஊசியின் வேகம் தளர்ந்தது.

அவர் கேட்டவற்றை இன்றைய பேச்சில் சொன்னால் இப்படி வரும். உயிருள்ள கிருமியை நல்ல பிள்ளைகள் உடம்பில் ஏன் ஏற்றுகிறீர்கள்? நம் நாட்டில் இது வேலை செய்யும் என்பதற்கு என்ன அத்தாட்சி? பெற்றவர்களைக் கேட்டீர்களா? காசம் சோறும் காற்றும் இல்லாத வீட்டு நோயாயிற்றே, ஊசியால் தீருமா?

முதல் கேள்வியில் பயம் கொஞ்சம் மிகைதான். ஆனால் முழுக்கக் கற்பனை என்று தள்ளவும் முடியாது. 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் பி.சி.ஜி. மருந்தில் வீரியமுள்ள காசக் கிருமி கலந்துவிட்டு, 72 பச்சைக் குழந்தைகள் செத்துப்போயின. இரண்டாவது கேள்விதான் என்னை ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அதற்குப் பதில் தேட ஒரு மாவட்டத்தையே கூப்பிட்டார்கள்.

1968. செங்கல்பட்டு மாவட்டம், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து இறங்கின. வீடு வீடாகக் கணக்கெடுத்து, கையில் சோதனை ஊசி குத்தி, பெரியவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்து, சளியை வாங்கிப் பரிசோதித்து, அதன்பிறகு ஊசி. 2,60,000 பேருக்கு மேல். சிலருக்குப் பி.சி.ஜி., சிலருக்கு வெறும் நீர் மாதிரி ஒன்று. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. 1971 வரைக்கும் ஊசி போட்டே தீரவில்லை. பிறகு வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பப் போய், யார் இருமுகிறார்கள் என்று பார்த்தார்கள். காசநோய் ஊசிக்காக உலகத்தில் இத்தனை பெரிய சோதனை அதற்கு முன் நடந்ததில்லை.

இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் இதே ஊசி நூற்றுக்குக் கிட்டத்தட்ட எண்பது அளவுக்குக் காப்பாற்றியிருந்தது. செங்கல்பட்டு முடிவு 1979-இல் வெளியானது. நுரையீரல் காசத்துக்கு எதிரான பாதுகாப்பு: பூஜ்ஜியம்.

அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். ராஜாஜி அதற்கு ஏழு வருஷம் முன்பே, 1972 கிறிஸ்துமஸ் அன்று, இறந்துவிட்டார். அவர் பயந்தது ஊசி கெடுதல் செய்யும் என்று. அது செய்யவில்லை. பெரியவர்களுக்கு நல்லதும் செய்யவில்லை. பாதி ஜெயித்தார், அதுவும் அவர் சொல்லாத காரணத்தால்.

காரணம் என்ன என்பதில்தான் இந்த வாரத்து என் பைத்தியம். ஆராய்ச்சியாளர்கள் பலர் கை காட்டுவது மண்ணை. காசக் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுக்காரக் கிருமிகள், நோய் உண்டாக்காத சாதுக்கள், வெப்ப நாடுகளின் மண்ணிலும் தண்ணீரிலும் நிறைய இருக்கின்றன. வயலில் இறங்கி, குளத்தில் குளித்து, தெருவில் புரண்டு வளர்ந்த செங்கல்பட்டு உடம்புகளுக்கு அவற்றோடு ஏற்கெனவே பழக்கம். ஊசி புதிதாக ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை, அல்லது ஊசிக் கிருமியை உடம்பு வேரூன்றவே விடவில்லை. இது அனுமானம்தான், ஆனால் வலுவான அனுமானம். மண் படாத பச்சைக் குழந்தைக்கு மூளைக் காய்ச்சலாக வருகிற காசத்தை இதே ஊசி தடுக்கிறது. அதனால்தான் பிறந்தவுடன் போடுகிறோம், போடத்தான் வேண்டும்.

மண் தோற்கடித்த மருந்து! மண்ணையே மருந்தாகக் கட்டித் தருகிற ஊரில் இருந்துகொண்டு நான் இதை எப்படி ஒரு பத்தியில் கடப்பேன்? சங்கரநாராயணர் கோயில் புற்றுமண் தெரியாதவர்கள் தெற்கே கிடையாது. படை, சொறி, தேமல் எதுவானாலும் குழைத்துப் பூசுவார்கள். என் வீட்டு மருந்து டப்பாவில் டோலோ அட்டைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்கும் நடுவில் காகிதத்தில் மடித்த ஒரு புற்றுமண் உருண்டை எப்போதும் கிடக்கும். அது படையை ஆற்றும் என்று நான் எழுதமாட்டேன், தோல் டாக்டரைப் பாருங்கள் என்றுதான் எழுதுவேன். டப்பாவிலிருந்து எடுத்து எறியவும் மாட்டேன்.

2020 ஆடியில் கொரோனா ஊரடங்கால் கோயில் பூட்டியிருந்தது. ஆடிச்சுற்று இல்லை, தபசுக்கு வெளியூர்க் கூட்டம் இல்லை, சப்பரத்தின்மேல் பருத்தியும் வத்தலும் எறிய ஒரு கை இல்லை. பாளையங்கோட்டையில் இருக்கும் அண்ணன் மகளுக்கு அப்போது கையெல்லாம் தடிப்பு. “சித்தப்பா, கொஞ்சம் புற்றுமண் கொண்டு வாங்களேன்” என்று போன். முந்தின வருஷம் நவம்பர் 22 வரைக்கும் நாங்கள் திருநெல்வேலி மாவட்டம். அன்றைக்குத் தென்காசி மாவட்டம் பிறந்தது, மாலை மரியாதையோடு. எட்டு மாதம் கழித்து, நேற்றுவரை சொந்த மாவட்டமாக இருந்த ஊருக்குப் போக இ-பாஸ் வேண்டும். கல்யாணம், சாவு, மருத்துவம் என்று காரணம் கேட்டது திரை. மருத்துவம் என்று போட்டேன், சான்று கேட்டது. மண் உருண்டைக்கு எந்த டாக்டர் சீட்டு எழுதுவார்? இரண்டு தடவை நிராகரித்துவிட்டார்கள். கடைசியில் என் உருண்டை காய்கறி வண்டியில் வெண்டைக்காய் மூட்டைக்கு நடுவே பயணப்பட்டது. பாஸ் அதற்குத் தேவைப்படவில்லை.

அதே ஆடியை ஒட்டி, அதாவது 2020 ஜூலையில், இன்னொரு அனுமதி கிடைத்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் கொரோனாவிலிருந்து பி.சி.ஜி. கொஞ்சம் பாதுகாப்புத் தருமா என்று பார்க்க, சேத்துப்பட்டு தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தமிழக அரசு சம்மதித்தது. அறுபத்தைந்து வருஷம் கழித்து அதே ஊசி, அதே ராஜாஜி கேள்வி, புது நோய். பிற நாடுகளில் மருத்துவமனை ஊழியர்களிடம் நடந்த பெரிய சோதனையில் அதனால் பலனில்லை என்று 2023-இல் வெளியாயிற்று.

நேற்று சவரத்துக்குப் போனேன். பெரியவர் அங்கேயே இருந்தார், பேப்பர் படிக்க வருவாராம். செங்கல்பட்டுக் கதையைச் சொன்னேன். உளுந்துக் குழியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“பதினோரு வருசமாப் பாத்தாவளா?”

“ஆமா, அதுக்குப் பொறகும் பாத்தாங்க.”

“பலிக்கலன்னு அவியளே சொன்னாவளா?”

“அவங்களே அச்சுல போட்டாங்க.”

“அப்பச் சரி.” கொஞ்ச நேரம் பேப்பரைப் பார்த்தார். “இத யாரு செஞ்சா? கம்பெனியா?”

“இல்ல, கிண்டியில சர்க்காரே செஞ்சுது. 2008-ல லைசென்ஸ நிறுத்தி வச்சாங்க. ஊசி தயாரிச்ச குன்னூர், கசௌலி சர்க்கார் ஆய்வகத்துக்கும் அப்பத்தான். ரெண்டு வருசம் கழிச்சுத் திருப்பிக் குடுத்தாங்க.”

“கொரோனா ஊசி?”

“அது கம்பெனி. மத்திய சர்க்காருக்கு 150 ரூவா, மாநிலத்துக்கு 400, தனியார் ஆஸ்பத்திரிக்கு 600-ன்னு மொதல்ல சொன்னாங்க...”

“ஒரே ஊசிக்கா? மூணு வெலையா? எதுக்கு?”

கத்தி தொண்டைக்குழியில் இருந்தது, வாயைத் திறக்க முடியவில்லை. அவருக்கும் உங்களுக்கும் அடுத்த வாரம் சொல்கிறேன். கிண்டி லைசென்ஸிலிருந்து தொடங்க வேண்டும்.

(தொடரும்)