ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்த பெண்கள்

நம் வீட்டுப் பெண் முதன்முதலாகக் காலேஜுக்குப் புறப்படும் காலை வேளையை நினைத்துப் பாருங்கள். அம்மா தலை வாரிப் பூ வைத்துவிடுகிறாள். பாட்டி, சுவாமி அறையில் நமஸ்காரம் செய்துவிட்டு வரச் சொல்கிறாள். அப்பாவோ, பணம் கட்டிய ரசீது பத்திரமாக இருக்கிறதா என்று மூன்றாம் தடவையாகக் கேட்கிறார். ரசீது இருந்துவிட்டால் போதும். பெண் காலேஜ் மாணவிதான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சமாசாரம் அவ்வளவு சுலபம் அல்ல. பரீட்சையில் தேறி, இடம் கிடைத்து, பணம் கட்டி, பெட்டி படுக்கையுடன் வந்து இறங்கினாலும் போதாது. துணைவேந்தர் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் லத்தீன் பாஷையில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். இன்று முதல் உங்கள் பெயர் பல்கலைக்கழகத்தின் பேரேட்டில் ஏறிவிட்டது, இதன் விதிகளுக்கு நீங்கள் கட்டுப்பட்டவர்கள் என்பது அதன் சாரம். அதைக் கேட்ட பிறகுதான் மாணவன் மாணவன் ஆகிறான். மாணவி மாணவி ஆகிறாள்.

சொல்லி முடிக்க அரை நிமிஷம் ஆகாது. ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்பதற்கு ஆக்ஸ்போர்டில் படித்த பெண்கள் நாற்பத்தோரு வருஷம் காத்திருந்தார்கள்!

பூஜ்யத்தில் பிறக்கும் ஆண்டு

ஆக்ஸ்போர்டில் கல்வி ஆண்டு அக்டோபரில் பிறக்கிறது. வருஷத்துக்கு மூன்று பருவங்கள்: மைக்கேல்மஸ், ஹிலாரி, டிரினிட்டி. ஒவ்வொன்றிலும் பாடம் நடப்பது எட்டே வாரம். ஆகவே அங்கே யாரும் தேதி சொல்லிப் பேசுவது குறைவு. "மூன்றாம் வாரம், புதன்கிழமை" என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடும். முதல் வாரத்துக்கும் முந்தின வாரத்துக்கு என்ன பெயர் தெரியுமா? பூஜ்ய வாரம்!

அந்தப் பூஜ்ய வாரத்தில்தான் புதுப் பிள்ளைகள் வந்து சேருகிறார்கள். ஊர் புதிது, முகங்கள் புதிது. வீட்டு ஞாபகம் வந்து தொண்டையை அடைக்காதா? அதற்கு ஒரு வேடிக்கையான ஏற்பாடு உண்டு. மேல் வகுப்பு மாணவர்கள் இருவர் சேர்ந்து, புதிதாக வந்தவர்களுக்குக் 'கல்லூரி அப்பா'வாகவும் 'கல்லூரி அம்மா'வாகவும் இருப்பார்கள். சாப்பாட்டுக் கூடம் எங்கே, புத்தக சாலை எங்கே, எந்தப் பேராசிரியரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் இந்தத் தாய் தகப்பனாரின் உபதேசம். பெற்றோருக்குப் பிள்ளைகளை விட ஒரு வயசுதான் அதிகம் இருக்கும்!

துணைவேந்தருக்கும் இது ஓய்வில்லாத காலம். ஆண்டுத் தொடக்கத்தில் அவர் ஒரு பேருரை நிகழ்த்துவது வழக்கம். போன வருஷம் என்ன சாதித்தோம், கையிருப்பு எப்படி, வருகிற வருஷம் என்ன செய்யப் போகிறோம் என்று, பெரிய குடும்பத்தின் தலைவர் கணக்கு ஒப்புவிப்பதைப் போலச் சொல்லுவார். அது நடக்கும் இடம் ஷெல்டோனியன் மண்டபம். லண்டனில் ஸெயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் அதற்கு முன்பே கட்டியது, 1669-ல் முடிந்தது. கூரையைத் தலை நிமிர்ந்து பார்த்தால் வர்ணச் சித்திரம். கலைகளும் சாஸ்திரங்களும் சூழ்ந்திருக்க, உண்மை என்னும் தேவி வானத்திலிருந்து இறங்கி அறியாமையை விரட்டி அடிக்கிறாள். இந்தச் சித்திரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

முதல் வாரம் முடிந்து வரும் சனிக்கிழமை, தெருவெல்லாம் கறுப்பு அங்கி மயம். கறுப்பு உடுப்பு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை அல்லது கறுப்பு ரிப்பன், கையில் தொப்பி. கல்லூரி கல்லூரியாக அணிவகுத்து மண்டபத்துக்கு நடக்கிறார்கள். பெயர் பதியும் சடங்கு அன்றுதான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இந்த வேஷமெல்லாம் பிடிக்குமா என்று கேட்பீர்கள். பரீட்சைக்கும் இதே உடை கட்டாயமாக இருக்க வேண்டுமா என்று 2015-ல் மாணவர்களிடமே வாக்கெடுத்தார்கள். நாலில் மூன்று பங்குக்கு மேல் "இருக்கட்டும்" என்றே சொல்லிவிட்டார்கள்!

ஆறாவது பையனுக்குப் பரிசு

இனி, பழைய கதைக்கு வருவோம்.

1873-ஆம் வருஷம். ஆக்ஸ்போர்டு நடத்திய பள்ளிப் பரீட்சையில் ஏ. எம். ஏ. எச். ராஜர்ஸ் என்பவர் முதலாவதாகத் தேறினார். முதலாவதாக வருகிறவருக்குக் கல்லூரியில் இடமும் உதவித் தொகையும் உண்டு. உடனே அழைப்புப் போயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, அந்த நாலு எழுத்துக்குப் பின்னால் இருந்தது பையன் அல்ல, பெண் என்று! ஆனி ராஜர்ஸ் என்னும் அந்தப் பெண்ணுக்கு அப்போது வயசு பதினேழு. கொடுத்த அழைப்பு திரும்பிவிட்டது. ஆறாவதாக வந்த பையனுக்கு இடம் கிடைத்தது. முதலாவதாக வந்த பெண்ணுக்கோ ஹோமரின் காவியப் புத்தகங்கள் பரிசு. இடம் கிடையாது, புத்தகம் உண்டு. வீட்டிலேயே உட்கார்ந்து படித்துக்கொள் என்று அர்த்தம்!

1879-ல் பெண்களுக்கென்று இரண்டு இல்லங்கள் திறந்தார்கள். லேடி மார்கரெட் ஹாலில் ஒன்பது பேர், ஸோமர்வில்லில் பன்னிரண்டு பேர். பிரசங்கம் கேட்கப் போனால் துணைக்கு ஓர் அம்மாள் கூடவே போக வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஆண்கள் எழுதிய பரீட்சைகளையும் எழுதினார்கள். முதல் வகுப்பிலும் தேறினார்கள். ஆனால் அவர்களுக்கு யாரும் அந்த லத்தீன் வாக்கியத்தைச் சொல்லவில்லை. பேரேட்டில் பெயர் இல்லை. ஆகவே பட்டமும் இல்லை.

1904-ல் ஒரு கதவு திறந்தது, ஆக்ஸ்போர்டில் அல்ல. கடலுக்கு அப்பால், டப்ளினில். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் தேறிய பெண்களுக்கு அங்கே உள்ள டிரினிட்டி கல்லூரி பட்டம் தர முன்வந்தது. 1907 வரையில் நூற்றுக்கணக்கான பெண்கள் கப்பல் ஏறிப் போய், அங்கியைப் போட்டுக் கொண்டு, பட்டத்தை வாங்கிக் கொண்டு திரும்பினார்கள். 'ஸ்டீமர் சீமாட்டிகள்' என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. சமைத்தது தன் வீட்டில். இலை போட்டது அடுத்த வீட்டில்!

நாசிக்கில் பிறந்த பெண்

இதில் நம் தேசத்துப் பெண் ஒருத்தியும் உண்டு. 1866-ல் நாசிக்கில் பிறந்த கார்னிலியா ஸோராப்ஜி, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி. புனாவில் டெக்கான் கல்லூரியில் படித்து முதலாவதாகத் தேறினாள். முதலாவதாக வருகிறவருக்கு இங்கிலாந்தில் படிக்க சர்க்கார் உதவித் தொகை உண்டு. பெண் என்பதால் அவளுக்கு அது இல்லை என்றார்கள். ஆனி ராஜர்ஸின் கதையேதான், பாருங்கள்! கார்னிலியா அழுதுகொண்டு உட்காரவில்லை. ஆமதாபாத்தில் ஆண்கள் படிக்கும் கல்லூரியில் ஆசிரியை ஆனாள். பிறகு இங்கிலாந்துப் பெண்மணிகள் சிலர் பணம் திரட்டி உதவினார்கள். உதவியவர்களில் பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருவர். 1889-ல் ஸோமர்வில்லில் சேர்ந்து சட்டம் படித்தாள்.

1892-ல் பரீட்சை வந்தது. ஆண்களோடு ஒரே மண்டபத்தில் பெண் எழுதலாமா என்று தயங்கினார்கள். கார்னிலியா விடவில்லை. கடைசியில் பல்கலைக்கழக சபை தனியாக ஒரு தீர்மானமே நிறைவேற்றி அநுமதித்தது. எழுதினாள்; தேறினாள்; பட்டம் இல்லாமல் ஊர் திரும்பினாள்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் தலை நிமிர்ந்துகொள்ளலாம். சந்திரமுகி பாஸு, காதம்பினி கங்கூலி என்ற இரு பெண்களுக்கும் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1883-லேயே பி.ஏ. பட்டம் கொடுத்துவிட்டது. ஆக்ஸ்போர்டுக்கு முப்பத்தேழு வருஷம் முந்தி!

அக்டோபர் 1920

முதல் உலக யுத்தம் வந்தது. ஆண்கள் போர்க்களம் போனார்கள், வகுப்புகள் காலியாயின. பெண்கள் அங்கே உட்கார்ந்து படித்துக் கொண்டிருந்தார்கள். யுத்தம் முடிந்தபின், அவர்களை இன்னும் வாசலில் நிறுத்தி வைப்பதற்குச் சொல்லக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை.

1920, அக்டோபர் 7-ஆம் தேதி. புது ஆண்டுத் தொடக்கத்தில், முதன்முதலாகப் பெண்களின் பெயர்கள் பேரேட்டில் ஏறின. ஒரு வாரம் கழித்து, 14-ஆம் தேதி, ஷெல்டோனியனில் பெண்களுக்கு முதல் பட்டங்கள். பின்னால் துப்பறியும் நாவல்களால் பெயர் பெற்ற டாரதி ஸேயர்ஸ் அன்று பட்டம் பெற்றவர்களில் ஒருவர். பெண்கள் என்ன தொப்பி அணிவது என்பதும் பெரிய விவாதம் ஆகி, கடைசியில் மெத்தென்ற சதுரத் துணித் தொப்பி என்று முடிவாயிற்று.

அந்த மாதத்தில் பட்டம் வாங்கிய ஒரு பெண்மணிக்கு வயசு அறுபத்து நாலு. ஆம், ஆனி ராஜர்ஸ்தான்! நாற்பத்தேழு வருஷத்துக்கு முன் முதலாவதாகத் தேறிய அதே பெண். நடுவில் அவள் சும்மா இருக்கவில்லை. பெண்களுக்குக் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்துக் கொண்டே, குழுக் குழுவாக உட்கார்ந்து, விதி விதியாக வாதாடி, அந்தக் கதவைத் தள்ளிக் கொண்டிருந்தாள். கார்னிலியா 1922-ல் திரும்பப் போய்த் தன் பட்டத்தை வாங்கினாள். பரீட்சை எழுதி முப்பது வருஷம் ஆகியிருந்தது!

அதோடு எல்லாம் நேராகிவிட்டதா? இல்லை. இத்தனை பெண்களுக்கு மேல் கூடாது என்று 1927-ல் வரம்பு கட்டினார்கள், 1957-ல்தான் எடுத்தார்கள். ஆண்கள் கல்லூரிகள் ஐந்து பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1974-ல். கேம்பிரிட்ஜோ பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்கவே 1948 ஆயிற்று.

2016 ஜனவரியில் லூயிஸ் ரிச்சர்ட்ஸன் துணைவேந்தர் ஆனார். எண்ணூறு வருஷப் பல்கலைக்கழகத்தில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண் அவர்தான். 2023 ஜனவரியில் அவருக்குப் பின் வந்தவரும் பெண்: ஐரீன் டிரேஸி. ஆக்ஸ்போர்டிலேயே பிறந்தவர், 1980 வரை பெண்களைச் சேர்க்காத மெர்ட்டன் கல்லூரியில் படித்தவர், வலி என்பது மூளையில் எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்தவர். ஒரு காலத்தில் புது மாணவியாக அந்த லத்தீன் வாக்கியத்தைக் கேட்டவர், அதைச் சொல்லும் பதவிக்கு வந்தார். மேலே கூரையில், அந்த உண்மை தேவி அறியாமையை இன்னும் விரட்டிக் கொண்டுதான் இருக்கிறாள். பாவம், அவளுக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்தது!

அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பெண் காலேஜுக்குப் புறப்படும்போது, அப்பா மூன்றாம் தடவையும் ரசீதைக் கேட்டால் சலித்துக் கொள்ளாதீர்கள். நாலாம் தடவை நீங்களே கேளுங்கள். அந்தச் சின்னக் காகிதத்தில் அவள் பெயர் இருக்கிறது. அதற்காக ஒருத்தி பதினேழு வயசில் தொடங்கி அறுபத்து நாலு வயசு வரை காத்திருந்தாள்.