பழைய அமெரிக்கக் காரும் ஆம்பூர்த் தோலும்

வேலூரிலிருந்து ஆம்பூர் வழியாக வாணியம்பாடி செல்பவர்க்கு இது தோல் தொழில் நாடு என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, காற்றே சொல்லிவிடும். இப்பகுதியில் வளர்ந்தவர் நல்ல தோலைத் தொட்டுப் பார்த்தே தரம் அறிவர். ஆகவே பழைய மோட்டார் கார் ஒன்றைப் புதுப்பித்து விற்க நினைக்கும் நம் ஊர்க்காரருக்கு, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் தோன்றும் அடுத்த எண்ணம், இருக்கைகளுக்கு முதல் தரமான தோல் போட வேண்டும் என்பதே. ஆனால் அந்தக் கார் 1950-களில் அமெரிக்காவில் உருவான செவர்லே, பிளிமத், டாட்ஜ் வகையைச் சேர்ந்ததாக இருந்தால், அந்தத் தோலே விலையைக் குறைத்துவிடக்கூடும். கேட்பதற்கு விந்தையாக இருக்கும் இச்செய்தியின் காரணங்களைச் சற்று விரிவாகக் காண்போம்.

அமெரிக்கக் கார்கள் இங்கு எப்படி வந்தன என்பதை முதலில் அறிதல் நலம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-ஆம் ஆண்டு முதல் பம்பாயில் செவர்லே கார்களைப் பூட்டி விற்று வந்தது. ஃபோர்டு நிறுவனமும் இங்கு இயங்கியது. உதிரி உறுப்புகளைக் கொண்டுவந்து பூட்டினால் மட்டும் போதாது, படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்று அரசு 1953-இல் முடிவு செய்தபின் இரண்டும் கடையைக் கட்டின. 1944-இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லர் நிறுவனத்தின் உரிமத்தில் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ கார்களைப் பூட்டியது. இம்மூன்றும் பெரும்பாலும் ஒரே கார்தான்; பெயர்ப் பலகையும் முன்முகக் கிரில்லும் மட்டுமே மாறும். இதனாலேயே பிளிமத் முகத்தோடு டிசோட்டோ உடல் கொண்ட கலப்புக் கார்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. 1955-க்குப் பிந்தைய பெரிய செவர்லேக்களோ பெரும்பாலும் தூதரகங்களும் வெளிநாட்டவரும் கொண்டுவந்து, பின்னர் கைமாறியவை.

இனி இருக்கைக்கு வருவோம். ஆங்கிலேயரின் ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார் கார்களில் தோல் இருக்கையே உயர்வின் அடையாளம். அதைப் பார்த்துப் பழகிய நமக்கு எல்லா நல்ல காரிலும் தோல்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அமெரிக்க வழக்கம் வேறு. அங்கே பழைய காலத்துச் செல்வர் கார்களில் கூரையில்லாத முன்பகுதியில் மழையில் நனையும் ஓட்டுநரின் இருக்கைக்குத்தான் தோல். பின்னால் அமரும் முதலாளிக்கு மென்மையான கம்பளித் துணி. தோல் என்பது உழைப்பவனின் இருக்கை! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நைலானும், நாம் ரெக்சின் என்று சொல்லும் வினைல் பூச்சுத் துணியும் மலிந்தன. கண்ணைப் பறிக்கும் நிறங்களில் அவற்றை நெய்யவும் அச்சிடவும் முடிந்தது. வெளியே இரு நிறப் பெயிண்ட். உள்ளே அதற்கு இசைந்த இரு நிறத் துணி. இதுவே அந்தப் பத்தாண்டின் அழகு. 1955-ஆம் ஆண்டுச் செவர்லே பெல் ஏர் நான்கு கதவுக் காரில் துணியும் ரெக்சினும்தான் இருந்தன. அதன் மடக்குக் கூரை வகையில்கூட ரெக்சின்தான்.

தோல் இருந்த கார்கள் இல்லாமல் இல்லை. காடிலாக் எல்டொராடோ, 1955-இல் வந்த கிரைஸ்லர் 300 ஆகியவற்றில் தோல் உண்டு. 1956-இல் பாக்கார்டு நிறுவனம் கரீபியன் என்னும் காரில் ஒரு புதுமை செய்தது: மெத்தையின் ஒரு பக்கம் தோல், மறுபக்கம் பூவேலைத் துணி, விரும்பியபடி புரட்டிப் போட்டுக்கொள்ளலாம். இத்தகைய கார் ஒன்று கையில் இருந்தால் ஆம்பூர்த் தோலைத் தாராளமாகப் போடலாம். ஆனால் அத்தகையவை அமெரிக்காவிலேயே அரியவை.

போடுவதாக இருந்தாலும் எந்தத் தோல் என்ற கேள்வி எழும். நம் பகுதியில் நெடுங்காலம் பேர்பெற்றது ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல். அது கனத்த சூட்டில் சுருங்கும் இயல்புடையது. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் வேலூர்க் கோடையில் எப்படிக் கொதிக்கும் என்பதை நாம் அறிவோம். குரோம் உப்பில் பதனிட்ட தோலோ கொதிநீரில் இட்டாலும் சுருங்காது. டேனரிகளில் செய்யும் சோதனையே அதுதான். அடுத்தது அளவு. செருப்பின் மேல்தோலுக்கு உதவும் ஆட்டுத் தோல் சில சதுர அடிக்கு மேல் வராது. அந்தக் கார்களின் முன்னிருக்கையோ மூவர் அமரும் ஒரே பெஞ்சு. ஒட்டுப் போடாமல் அதை மூட மாட்டுத் தோல் வேண்டும்.

(குரோமியம் இந்தக் கதையில் இருமுறை வருவதைக் கவனிக்கலாம். அமெரிக்கக் காரின் பம்பரைப் பளபளக்கச் செய்வதும் அதே உலோகம்தான்.)

சரி, துணி இருந்த இடத்தில் அதைவிட விலையுயர்ந்த தோலைப் போட்டால் மதிப்பு ஏன் குறைய வேண்டும்? வாங்க வருபவர் யார் என்பதைப் பொறுத்தது அது. காரைச் சேகரிப்பவர் அழகுக்காக மட்டும் பணம் தருவதில்லை. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் அந்தக் கார் எப்படி இருந்ததோ, அந்த நிலைக்குச் சான்று கேட்கிறார். 1955-இல் மட்டும் பதினேழு லட்சத்துக்கு மேற்பட்ட செவர்லே கார்கள் உற்பத்தியாயின. எனவே எந்த நிறத்துக்கு எந்தத் துணி என்பது பல நூறு கார்களை ஒப்பிட்டு இன்று நன்றாக அறியப்பட்டிருக்கிறது. தோலைக் கண்டதும் அவர் மனத்தில் ஓர் ஐயம் எழும்: கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இவர் மாற்றினார் என்றால், தெரியாத இடத்தில் என்னென்ன மாற்றினாரோ?

தெரியாத இடங்களையும் படிக்க வழி உண்டு. அவ்வாண்டுச் செவர்லேயின் கதவுத் தூணில் ஒரு தகடு இருக்கும். அதன் எண் வி.சி.55 என்று தொடங்கினால் அது எட்டு சிலிண்டர் எஞ்சினுடன் பிறந்த பெல் ஏர்; சி.55 என்று மட்டும் தொடங்கினால் ஆறு சிலிண்டர். ஆறுக்குரிய தகடும் எட்டுக்குரிய எஞ்சினும் ஒன்றாக நின்றால் விளக்கம் தேவையில்லை. எஞ்சின் வார்ப்பிலும் மாதத்தைக் குறிக்கும் எழுத்தும் நாளும் ஆண்டும் பதிந்திருக்கும். ஏ என்றால் ஜனவரி. கார் உருவான நாளுக்குப் பிந்திய வார்ப்பு என்றால் அது வேறு காரின் எஞ்சின்.

கியூபாவை இங்கு நினைக்கலாம். 1959 புரட்சிக்கு முந்தைய அமெரிக்கக் கார்கள் அங்கே இன்றும் ஓடுகின்றன. 2011 வரை அங்கு மக்கள் தடையின்றி வாங்கி விற்க முடிந்ததும் அந்தப் பழைய கார்களை மட்டுமே. ஆனால் அவற்றுட் பலவற்றில் ரஷ்ய எஞ்சினும் டீசல் எஞ்சினும் புகுந்துவிட்டன. பிழைப்புக்காகச் செய்த அந்தத் திறமை போற்றத்தக்கது; சேகரிப்பவரோ அவற்றுக்குப் பெருவிலை தருவதில்லை. நம் நாட்டிலும் பெட்ரோல் விலைக்கு அஞ்சி டீசல் எஞ்சினுக்கு மாறிய பெரிய கார்கள் உண்டு.

எல்லா மாற்றமும் குற்றமன்று. அந்தக் கால எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக உருவானவை. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நின்றது. ஆதலால் வால்வு அமரும் இடத்தில் கடினமான வளையம் பொருத்துவது அறிவுடைமை. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்கும் ரப்பர்க் குழாய்களும் அவ்வாறே. இவற்றை வாங்குபவரிடம் சொல்லிவிட்டால் விலை குறையாது.

சட்டமும் ஏறத்தாழச் சேகரிப்பவரின் கண்ணோடுதான் பார்க்கிறது. 2021 ஜூலையில் வெளியான மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், 50 ஆண்டைக் கடந்து, சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் காணாத வாகனத்தையே பழமை வாகனம் என்கிறது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். முன்பே பதிவான கார் தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம், எம்.எஸ். என்று தொடங்கும் சென்னை மாநில எண்ணுக்கு ஆசைப்படாத சேகரிப்பாளர் இல்லை. ஆனால் இவ்வாறு பதிவான காரை வாடகைக்கோ அன்றாட ஓட்டத்துக்கோ விட இயலாது. திருமண ஊர்வலத்துக்கு விடலாம் என்று சொல்லி விற்பவர் வாங்குபவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுகிறார். இடப்பக்கச் ஸ்டியரிங் உள்ள காருக்கு, கை காட்டுவதற்குப் பதிலாக இயங்கும் சைகைக் கருவி இருந்தாக வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 120-ஆம் பிரிவு. அதற்காக ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றுவது வீண் வேலை.

விற்பனை பெரும்பாலும் முறிவது காரால் அன்று, காகிதத்தால். தாத்தா பெயரில் நிற்கும் ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு பேரன் விலை பேச முடியாது. உரிமையாளர் இறந்தபின் வாரிசு மூன்று மாதத்துக்குள் 31-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. பல வீடுகளில் முப்பது ஆண்டாகியும் அது நடப்பதில்லை. மற்ற வாரிசுகளின் சம்மதம் எழுத்தில் இல்லையெனில், பாகப்பிரிவினைச் சண்டை முழுவதும் அந்தக் கார் ஷெட்டுக்குள் வந்து நிற்கும். டிங்கரிங் வேலைக்கு ஆள் பிடிப்பதற்கு முன்பே இதை முடித்துக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே தோல் போட்டாகிவிட்டது என்றால்? மறைக்காமல் சொல்லி விற்கலாம். அலங்காரத்துக்காக வாங்குபவர் மகிழ்ச்சியுடனேயே ஏற்பார். இன்னும் போடாதவர், குஷன் வேலைக்காரரிடம் கழற்றி மாட்டும் தோல் உறையாகத் தைக்கச் சொல்லலாம். அடியில் பழைய துணி அப்படியே இருக்கும். துணி முற்றும் இற்றுப்போயிருந்தால், வெயில் படாத மெத்தை மடிப்பின் உட்புறத்திலிருந்து ஒரு சாண் துண்டை வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். உண்மையான நிறம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அந்தத் துண்டு, கழற்றிய பழைய உறுப்புகள், பிரிக்கும்போது எடுத்த புகைப்படங்கள், புதுப்பேட்டையில் வாங்கிய உதிரிகளின் ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, சாவியுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விவரம் அறிந்தவர் பானெட்டைத் திறக்குமுன் அந்தப் பெட்டியைத்தான் திறப்பார்.