படம் வரைஞ்சா சோறு போடுமா? சோழமண்டலத்தில் ஒரு நாள்

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு ஈஞ்சம்பாக்கம் போயிட்டு வந்தேன். அந்தப் பயணம்தான் இந்த எபிசோட்.

பத்தாவது முடிச்சப்போ ஓவியக் கல்லூரியில சேரணும்னு வீட்டுல சொன்னேன். "படம் வரைஞ்சா சோறு போடுமா?"ன்னு அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். என்கிட்ட பதில் இல்லை. இஞ்சினியரிங் படிச்சேன், இப்போ கோட் எழுதுறேன். அதே கேள்விக்கு 1960-கள்ல சென்னையிலேயே சிலர் பதில் கண்டுபிடிச்சாங்கன்னு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது.

ஓவியர்கள் வாழ்ந்த கிராமம்னு தேடினா முதல்ல வர்றது பாரிஸ் பக்கத்துல இருக்கிற பார்பிசோன். மில்லே, தியோடர் ரூசோ மாதிரியான ஓவியர்கள் காட்டையும் வயலையும் வரையறதுக்காக 19-ஆம் நூற்றாண்டுல அங்கே போனாங்க. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மயிலாப்பூர்ல இருந்து அடையாறு, திருவான்மியூர் தாண்டி ஈ.சி.ஆர்.ல போனா சோழமண்டலம் ஓவியர் கிராமம் வந்துடும். ஆனா நம்ம ஆட்கள் அங்கே போன காரணம் வேற.

சென்னை ஓவியக் கல்லூரி 1850-ல அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஆரம்பிச்சது. மெரினாவில இருக்கிற உழைப்பாளர் சிலையைச் செஞ்ச ராய் சௌத்ரி அங்கே முதல்வரா இருந்தவர். அவருக்கு அப்புறம் 1957-ல கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். நல்லா வரையற பசங்க படிப்பு முடிஞ்சதும் வேற ஏதாவது வேலைக்குப் போய் வரையறதையே விட்டுடறாங்க. இதுதான் அவரோட கவலை.

அவங்க பிடிச்ச வழி கைத்தொழில். முக்கியமா பாத்திக். துணியில சூடான மெழுகால வரைஞ்சு சாயத்துல முக்குவாங்க. மெழுகு இருக்கிற இடத்துல சாயம் ஏறாது. அப்புறம் மெழுகை எடுத்துட்டா, வரைஞ்சது அப்படியே நிக்கும். கான்வாஸ் ஓவியத்தை வாங்க ஆள் இல்லாத ஊர்லயும் அழகான துணியை வாங்க ஆள் இருந்தாங்க. அதுக்காக ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. பாத்திக் வித்த காசுல கடலோரமா எட்டு, பத்து ஏக்கர் நிலம் வாங்கி 1966-ல கிராமத்தைத் தொடங்கினாங்க. கைவினை வேலைக்குக் கொஞ்ச நேரம், மீதி நேரம் சொந்த ஓவியம். எங்க பாஷையில சொன்னா, முதலீட்டாளர் இல்லாம சொந்தக் காசுல தொடங்கின ஸ்டார்ட்அப்.

இப்போ ஈ.சி.ஆர்.ல கார் சத்தம் ஓயாது. அன்னைக்கு அது சவுக்கும் மணலும்தான், கரண்ட் கிடையாது. அங்கேதான் சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், சேனாதிபதி, சிற்பி பி.எஸ். நந்தன் எல்லாரும் வேலை செஞ்சாங்க.

அங்கே இருக்கிற மியூசியத்துல பணிக்கரோட 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பார்க்காம வந்துடாதீங்க. படம் முழுக்க எழுத்து மாதிரியும் ஜாதகக் கட்டம் மாதிரியும் இருக்கும். ஆனா படிக்க முடியாது. அப்புறம் கே. ராமானுஜம். பேனா மையில வரைஞ்ச கனவு அரண்மனைகள், நடுவுல தொப்பி போட்ட அவரே. வெளி உலகம் சேர்த்துக்கத் தயங்கின மனுஷன் அவர். கிராமம் இடம் கொடுத்தும் 1973-ல இளம் வயசுலயே போயிட்டார். எல்லாருக்கும் சோறு மட்டும் போதலைங்கிறதையும் சொல்லணும்.

அப்பா ரிட்டயர்டு பேங்க் ஊழியர். நிலம் வாங்கின கதையைக் கேட்டதும் நின்னுட்டார். "அப்போ முதல்ல கணக்குப் போட்டிருக்காங்க"ன்னார். "நீ அன்னைக்கு இதைச் சொல்லியிருக்கலாமே?"

"எனக்கே தெரியாதுப்பா."

சிற்பத் தோட்டத்துல கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசாம நடந்தோம்.

போறவங்களுக்கு ஒரு விஷயம். மியூசியம், கேலரி, தோட்டம் எல்லாம் பார்க்க அரை நாள் போதும். அது இன்னும் ஆட்கள் குடியிருக்கிற இடம். வீடுகளுக்குள்ள எட்டிப் பார்க்காதீங்க.

திரும்பும்போது அப்பா கேட்டார்: "இன்னும் வரையறியா?" ஆறு வருஷமாச்சு. "இல்ல"ன்னு சொன்னேன். இந்த ஞாயிறு அந்தப் பதிலை மாத்தலாம்னு இருக்கேன். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.