மூச்சு காட்டிக் கொடுக்கும்!

சலவைத் தொழிலாளிக்கு "ஊதும் சோதனை"

குடித்துவிட்டுக் கார் ஓட்டுகிறவரைப் போலீசார் பிடித்தால் என்ன செய்கிறார்கள்? "ஊது" என்கிறார்கள். ஊதியதும் குட்டு உடைந்துவிடுகிறது! அமெரிக்காவில் இண்டியானா மாநிலப் போலீஸ் அதிகாரி போர்க்கென்ஸ்டீன் 1954-ல் இதற்கு ஒரு கருவி செய்தார்.

குடிகாரரைப் பிடிக்க உதவும் இதே வழி, தொழிலாளியின் உயிரைக் காக்கவும் உதவுகிறது.

தண்ணீர் இல்லாத சலவை

பட்டும் கம்பளியும் தண்ணீரில் நனைந்தால் கெட்டுவிடக்கூடும். அதனால் அவற்றை "டிரை கிளீனிங்" செய்கிறார்கள். தண்ணீருக்குப் பதில் வேறொரு திரவத்தில் போட்டு அலசுகிறார்கள். பல நாடுகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த திரவம், பெர்குளோரோ எதிலீன். சுருக்கமாக "பெர்க்".

அழுக்கை எடுப்பதில் பெர்க் கெட்டிக்காரன். ஆனால், எளிதில் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். அதைச் சுவாசித்தால் தலை வலிக்கும், கிறுகிறுக்கும். நெடுநாள் சுவாசித்தால் கல்லீரலும் சிறுநீரகமும் கெடலாம். புற்றுநோய் அபாயமும் உண்டு என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-ல் எச்சரித்தது.

"வாடை வந்தால் தெரியாதா?" என்று கேட்கலாம். தெரியாது! நாள் முழுவதும் அங்கேயே நிற்பவரின் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும்.

கொழுப்பில் ஒளியும் விஷம்

மூச்சோடு போன பெர்க், ரத்தத்தில் கலக்கிறது. பிறகு உடம்பின் கொழுப்பில் போய்ப் பதுங்குகிறது. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மீண்டும் மூச்சில் வெளியே வருகிறது. அமெரிக்க டாக்டர் ரிச்சர்டு ஸ்டூவர்ட்டும் அவருடைய குழுவினரும் 1961-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

காலையில் வேலை தொடங்கும் முன்பே சோதனை நடக்கிறது. தொழிலாளி மூச்சை இழுத்துச் சில விநாடி அடக்குகிறார். பிறகு ஊதுகிறார். முதலில் வரும் காற்று வேண்டாம். அது தொண்டையிலும் மூச்சுக் குழாயிலும் நின்ற காற்று. கடைசியில் வருவதுதான் நுரையீரலின் ஆழத்தில் ரத்தத்தை ஒட்டி நின்ற காற்று. அதைப் பையில் பிடித்துக் கருவியில் செலுத்துகிறார்கள்.

முன் நாட்களில் உடம்பில் சேர்ந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். 10 லட்சம் பங்கு மூச்சுக் காற்றில் பெர்க் 3 பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் வகுத்த அளவு.

ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை, வலியும் இல்லை!

வீட்டுக்கும் வருகிறது!

இத்தாலியில் மோடெனா நகரில் நடந்த ஓர் ஆய்வு 1994-ல் வெளியாயிற்று. டிரை கிளீனிங் தொழிலாளர்களுடன் ஒரே வீட்டில் வசிப்பவர்களைச் சோதித்தார்கள். சலவைக் கடையில் வேலை செய்யாத அவர்களுடைய மூச்சிலும், மற்றவர்களைவிட அதிகமாகப் பெர்க் இருந்தது! வேலை முடிந்து வீடு திரும்பியவரின் மூச்சு அதைச் சுமந்து வந்திருக்கலாம்.

சோதனை மருந்து ஆகாது

ஊதிப் பார்ப்பதால் மட்டும் விஷம் போய்விடாது. அளவு கூடினால், இயந்திரத்தில் எங்கே கசிவு என்று தேட வேண்டும். காற்றை வெளியேற்றும் விசிறி வைக்க வேண்டும். ஆவி வெளியே வராத மூடிய இயந்திரத்துக்கு மாற வேண்டும். கலிபோர்னியா மாநிலம் ஒருபடி மேலே போயிற்று. 2007-ல் சட்டம் வகுத்து, 2023 முதல் டிரை கிளீனிங் கடைகளில் பெர்க்கையே ஒழித்துவிட்டது.

உடுப்பின் அழுக்குப் போக வேண்டியதுதான். அதற்காக, வெளுப்பவரின் நுரையீரல் அழுக்காக வேண்டுமா?