தையல் பிரித்த பிறகு

பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி, 2022 ஜூலை 30. பளுதூக்குதலில் 55 கிலோ பிரிவு. மகாராஷ்டிரத்தின் சாங்லியில் பீடாக் கடை வைத்திருப்பவரின் மகன் சங்கேத் சர்கர், ஸ்னாட்ச்சில் 113 கிலோ தூக்கி முன்னால் இருந்தார். கிளீன் அண்ட் ஜெர்க்கில் 135ஐயும் முடித்தாயிற்று. அடுத்து 139. பார் தலைக்கு மேலே போகும்போது வலது முழங்கை மடங்கிவிட்டது. வலியோடு மூன்றாம் முறையும் மேடையேறினார், முடியவில்லை. மலேசியாவின் அனிக் கஸ்தான் மொத்தம் 249, சங்கேத் 248. ஒரே ஒரு கிலோவில் தங்கம் கைநழுவியது. பிறகு லண்டனில் முழங்கைக்கு அறுவை சிகிச்சை. செலவுக்கு மத்திய அரசு சுமார் 30 லட்ச ரூபாய் ஒதுக்கியது.

செய்தி அத்தோடு முடிந்தது. பதக்கத்தைப் பேசினோம், ஆபரேஷனைப் பேசினோம். அந்த முழங்கை அதற்கப்புறம் நாள்தோறும் என்ன பாடுபட்டிருக்கும் என்று நாம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. தாம்பரம் ஜிம்களிலும் இதே கதைதான், பதக்கம் மட்டும் கிடையாது.

சேலையூர், கேம்ப் ரோடு, மேடவாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்யாண மண்டபத்துக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது ஜிம் பலகைதான். அனுமார் படமும் கர்லாக்கட்டையும் இருந்த பழைய தேகப்பயிற்சிசாலைகள் போய், கண்ணாடிச் சுவரும் ஏசியும் வந்துவிட்டன. விடியற்காலையில் கல்லூரிப் பையன்கள், வீட்டு வேலை தொடங்குமுன் ஒரு மணி நேரத்தைத் தனக்கென்று பிடுங்கிக்கொள்ளும் பெண்கள், ராத்திரியில் ஐடிக்காரர்கள், ஷிஃப்ட் முடிந்த எம்இபிஇசட் ஏற்றுமதி வளாகத் தொழிலாளர்கள். நாற்பதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். காயத்தில் மாட்டுகிறவர்கள் எல்லா வயதிலும் உண்டு, ஆனால் பத்து வருடத்துக்கு முன்னால் தூக்கிய எடையை மறக்காமல் வைத்திருப்பவரைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயம்.

பளு தூக்குவதே ஆபத்து என்று சொல்ல வரவில்லை. ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் கண்ட கணக்கு, பளுதூக்கும் வீரர்களுக்கு 1000 மணி நேரப் பயிற்சியில் சுமார் 2.4 முதல் 3.3 காயங்கள். பந்து துரத்தி மோதிக்கொள்ளும் ஆட்டங்களைவிட இது குறைவு. நேரும்போது எங்கே நேரும் என்பதும் ஓரளவு தெரிந்ததே. பெஞ்ச் பிரஸ்ஸில் பார் இறங்கும் நேரத்தில் மார்புத் தசை கிழியும். டெட்லிஃப்டில் ஒரு உள்ளங்கையை முன்பக்கம் திருப்பிப் பிடிக்கும் பழக்கமிருந்தால், அந்தக் கையின் பைசெப்ஸ் தசைநாண் முழங்கைக்குக் கீழே எலும்பை விட்டு அறும். ஸ்குவாட்டில் முட்டியும் இடுப்பு டிஸ்க்கும், தலைக்கு மேல் தூக்கினால் தோள். ஸ்டெராய்டு ஊசி போட்டுக்கொள்கிறவர்களிடம் தசைநாண் அறுவது கூடுதல். தசை வீங்குகிற வேகத்துக்கு, அதை எலும்போடு பிடித்துவைத்திருக்கும் தசைநாண் ஈடுகொடுப்பதில்லை.

‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது என்பார்கள். அந்தச் சத்தத்துக்குப் பிறகு நம் ஊரில் முதலில் போவது பெரும்பாலும் சுளுக்கு வழிப்பவரிடம், அல்லது புத்தூர் கட்டு போடுமிடத்துக்கு. அறுந்த தசைநாணுக்குக் கட்டு எதுவும் செய்யாது. இரண்டு மூன்று வாரம் போனால் அது மேலே சுருண்டு ஏறிக்கொள்ளும். பிறகு அறுவை மருத்துவர் அதைத் தேடிப் பிடித்து இழுத்துவந்து எலும்பில் தைக்கப் படாதபாடு படவேண்டும். டிஸ்க் பிதுங்கியவர்களின் கதை நேர்மாறு: பெரும்பாலோருக்குக் கத்தியே தேவைப்படாது, வாரக்கணக்கில் தானாகவே அடங்கும். மீராபாய் சானு 2018இல் முதுகு வலியால் ஆசியப் போட்டியை விட்டவர். 2020இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்குப் போய், முன்னாள் பளுதூக்கும் வீரரான பிசியோ ஆரன் ஹோர்ஷிக்கிடம் தோளையும் முதுகையும் சரிசெய்துகொண்டார். அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். இவருக்கு உதவியது பிசியோதான்.

சரி, ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தோளுக்கு நுண்துளை வழியாகக் கேமராவை விட்டு, எலும்பில் சின்ன ஆங்கரை இறக்கி, கிழிந்ததைத் தைப்பார்கள். ஓரிரு நாளில் வீடு. ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக ஒரு வாரம் சொந்தக்காரர்கள் வந்துபோவார்கள். பத்துப் பதினான்கு நாளில் தையல் பிரித்ததும் “அவ்வளவுதானே, சரியாயிடுச்சே” என்று சொல்லிவிட்டு அவர்கள் நின்றுவிடுவார்கள். வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

தோல் ஒட்டிக்கொள்வதை வைத்து உள்ளே எல்லாம் ஒட்டிவிட்டது என்று நினைக்கிறோம். தசைநாண் எலும்போடு பிடிப்பதற்கு முதல் ஆறு வாரமாவது வேண்டும். அதுவும் முதலில் உடம்பு போடுவது அவசர வேலை, வலுக்குறைந்த கொலாஜன். அதைப் பிரித்து உறுதியான இழையாக மாற்றி அடுக்க மாதக்கணக்காகும், சிலருக்கு ஒரு வருடம். தோள் தைத்தவர்களுக்குப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஸ்லிங், மூன்று மாதத்துக்குப் பிறகுதான் பலம் கூட்டும் பயிற்சி, பழைய எடையை நினைக்க ஆறிலிருந்து ஒன்பது மாதம். இந்தக் கணக்கில் மோசமான கட்டம் எட்டாவது வாரம். வலி போயிருக்கும், கை தூக்க வரும், உள்ளே மட்டும் பாதிதான் பிடித்திருக்கும்.

இனி வீட்டு நிலவரம். வலது கை ஸ்லிங்கில் இருந்தால் சாம்பார் சாதத்தைப் பிசைய முடியாது, இடது கையில் ஸ்பூன். பெண்கள் என்றால் தலை பின்னிக்கொள்ள முடியாது, கொக்கி மாட்ட முடியாது, ரப்பர் பேண்டு போட்டுவிடக்கூட ஒரு ஆள் வேண்டும். பாயில் மல்லாந்து படுத்தால் தோள் கொல்லும். பரணில் கிடக்கும் தாத்தாவின் ஈஸி சேர் கீழே இறங்குவது அப்போதுதான். சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் தூங்கலாம். மே மாதமாக இருந்தால் அக்குளில் வியர்க்குரு. கடற்கரை ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏறுவதை நினைத்தும் பார்க்கக்கூடாது, ஷேர் ஆட்டோவின் ஒவ்வொரு குழியும் தையலில் தெரியும். இவ்வளவையும் தாண்டி பிசியோவிடம் போனால் கிளினிக் முதல் மாடியில் இருக்கும், லிஃப்ட் இருக்காது. முட்டி ஆபரேஷன் ஆனவர்களைப் படியேற வைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள் என்று ஒரு சந்தேகம் எனக்கு நெடுநாளாக உண்டு.

முட்டி விஷயத்தில் இன்னொன்று. மேல்நாட்டுப் பயிற்சி அட்டவணையில் 120 டிகிரி மடங்கினால் ஏறக்குறைய வேலை முடிந்த மாதிரி. நாற்காலி, மாடிப்படி, கார் எல்லாவற்றுக்கும் அது போதும். சம்மணம் போட்டுப் பந்தியில் உட்காரவும் குந்தி உட்காரவும் அது போதாது. அந்தக் கடைசி டிகிரிகளுக்காகத்தான் இங்கே முட்டிக்காரர்கள் பிசியோவிடம் மல்லுக்கு நிற்கிறார்கள். நல்ல பிசியோ முதல் நாளே கேட்டுவிடுவார்: “வீட்ல தரையில உக்காருவீங்களா?”

பணத்துக்கு வருவோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்கவேண்டும். ஐடிக்காரருக்குக் கம்பெனி பாலிசி. ஆலைத் தொழிலாளிக்கு இஎஸ்ஐ. உடல்நலக் குறைவு விடுப்புக்குக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. எல்லாமே ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை நன்றாகத்தான் வேலை செய்கின்றன. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் சில நூறு ரூபாய் என்று மாதக்கணக்கில் போகும் பிசியோ செலவு வரும்போதுதான் தகராறு. டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள்வரை செலவைத் தரும் பாலிசிகள் உண்டு. தோளுக்கு வேண்டியதோ ஆறு மாதம். அதனால் கைக்காசு போடவேண்டும். நாலாவது வாரமே “யூடியூப் பார்த்து நானே பண்ணிக்கிறேன்” என்று வரும்.

என் கருத்து இதுதான்: நாம் கத்திக்குக் காசு ஒதுக்குகிறோம், கத்திக்குப் பின் வரும் மாதங்களுக்கு ஒதுக்குவதில்லை. குடும்பமும் அப்படித்தான், அரசும் அப்படித்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோவை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது; எழுந்து நடமாட முடியாதவர்களுக்கான ஏற்பாடு அது. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. போரூர் ராமச்சந்திராவில் விளையாட்டு மருத்துவத்துக்கென்றே ஒரு மையம், வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் வழியில் மேலக்கோட்டையூரில் உடற்கல்வி, விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. தென்சென்னைப் புறநகருக்கு இடம் பஞ்சமில்லை. ‘ஆபரேஷன் 1, பிசியோ 40’ என்று ஒரே சீட்டில் எழுதிக்கொடுத்து, இரண்டுக்கும் சேர்த்துப் பணம் தரும் ஏற்பாடுதான் இல்லை.

பிசியோ கொடுக்கும் அந்தப் பலம் கூட்டும் பயிற்சிதான் எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் முட்டி உடைந்த சிப்பாய்கள் படுக்கைகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். லேசான பயிற்சிகளே கொடுத்துவந்ததால் குணமாவது இழுத்துக்கொண்டே போனது. தாமஸ் டிலோர்ம் என்ற இளம் மருத்துவர் அங்கே இருந்தார். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுக்கையாகக் கிடந்து, பிறகு எடை தூக்கித் தன் உடம்பைத் தேற்றிக்கொண்டவர். அதையே சிப்பாய்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்: நல்ல எடை, வாரம் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு. 1945இல் அதைக் கட்டுரையாக எழுதினார். முதலில் பத்துப் பத்தாக ஏழு முதல் பத்து செட் என்று வைத்திருந்தவர், 1948இல் அத்தனை வேண்டாம் என்று கண்டு மூன்றாகக் குறைத்தார்: பத்து முறை தூக்க முடிந்த எடையில் முதலில் பாதி, பிறகு முக்கால், பிறகு முழுசு. தாம்பரம் ஜிம்களில் மந்திரம்போல ஓதப்படும் ‘மூணு செட், பத்து ரெப்’ இப்படி ஆஸ்பத்திரியில் பிறந்தது.

1894இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் இன்னொன்றைக் கவனித்திருந்தார். ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் சும்மா இருந்த கைக்கும் கொஞ்சம் பலம் ஏறுகிறது. மூளையும் நரம்பும் செய்யும் வேலை. அதனால்தான் ஸ்லிங்கில் இருப்பவரை, மருத்துவர் அனுமதித்தால், மற்ற கையால் டம்பெல் தூக்கச் சொல்கிறார்கள். வீட்டில் இதைப் பார்த்தால் “கை உடைஞ்சும் இவனுக்குப் புத்தி வரல” என்பார்கள். ஆட்டுக்கால் சூப்பு மட்டும் தவறாமல் வரும். குடியுங்கள், நல்லதுதான், ஆனால் தேவைப்படும் புரதத்துக்கு முட்டையையும் பருப்பையும் கணக்குப் பாருங்கள். சிகரெட்டை விடுங்கள், நிக்கோட்டின் தசைநாண் ஒட்டுவதைத் தாமதப்படுத்தும்.

எவ்வளவு தூக்கலாம் என்பதற்கு நம்மூர் உதாரணம் வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கிய தெற்கு ரயில்வே வீரர். அடுத்த போட்டிக்குமுன் தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது தொடைத் தசையில் அடி. முழுசாகக் குணமாகாமலேதான் 2018 ஏப்ரலில் கோல்ட் கோஸ்ட் போனார். தூக்கியது 144ம் 173ம், மொத்தம் 317. நான்கு வருடத்துக்கு முந்தைய கணக்கைவிட 11 கிலோ குறைவு. இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 171இல் இரண்டு முறை தவறவிட்டார், தங்கம் உறுதியாயிற்று. சதீஷ் கடைசி முயற்சியை எடுக்கவே இல்லை.

ஜிம்மில் அப்படி நிறுத்திக்கொள்வது கஷ்டம், ஏனென்றால் அங்கே நடுவர் கிடையாது, கண்ணாடிதான் இருக்கிறது. திரும்பிப் போகிற அன்று வெறும் பாரோடு தொடங்கச் சொல்வார்கள். ஆண்களுக்கான ஒலிம்பிக் பாரே 20 கிலோ, பெண்களுக்கு 15. தோள் தைத்தவருக்கு அதுவே அதிகம். பிவிசி குழாயோ துடைப்பக் கட்டையோ போதும். பக்கத்தில் நிற்கும் தம்பி “அண்ணே, பிளேட் போடட்டுமா?” என்று மரியாதையாகத்தான் கேட்பான். வேண்டாம் என்று சொல்லத் தெரியவேண்டும். எடை கூட்டுவதற்குமுன் பிசியோவிடம் இரண்டு கைகளையும் அளந்துபார்க்கச் சொல்லுங்கள். அடிபட்ட பக்கம் மறுபக்கத்தில் 90 சதவீதமாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அப்புறம், பொங்கல் ஆஃபரில் வருடச் சந்தா மொத்தமாகக் கட்டியிருந்தீர்கள் என்றால், ஆபரேஷனுக்குப் போகுமுன்பே டாக்டர் சீட்டைக் காட்டிக் கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். சில ஜிம்கள் ஒத்துக்கொள்ளும். மிச்சமாகிற அந்தப் பணம் முதல் மாத பிசியோவுக்கு ஆகும்.