வயிற்றுப் பிள்ளையின் அசைவு குறைந்தால்

கருவுற்ற பெண்ணைக் கண்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பிள்ளை நன்றாகப் புரளுகிறதா?" என்பதுதான். தோட்டங்களில் மருத்துவச்சிகள் பேறு பார்த்த காலந்தொட்டே இந்தக் கேள்வி உண்டு. ஸ்கேன் கருவி இல்லாத அந்நாளில், உள்ளே இருக்கும் சிசு நலமா என்று அறிய அதைவிட நல்ல வழி இருக்கவில்லை. இன்று கருவிகள் பல வந்துவிட்டன. ஆயினும் சில வாரங்களுக்கு ஒருமுறை பார்க்கும் கருவியைவிட, இரவும் பகலும் பிள்ளையைச் சுமந்திருக்கும் தாய்க்கே மாற்றம் முதலில் தெரிகிறது.

அரசு மருத்துவமனை ஒன்றின் மகப்பேற்றுப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் நான். இம்மலருக்கு மகளிர் நலம் பற்றி எழுதித் தருமாறு அறக்கட்டளை அன்பர்கள் கேட்டபோது, இரவுப் பணியில் நான் பலமுறை கேட்ட ஒரு வாக்கியமே நினைவுக்கு வந்தது. "நேற்றிலிருந்தே அசைவு குறைவாகத்தான் இருந்தது, மிஸ்ஸி. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்." அந்தக் 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதல் பிள்ளையைச் சுமப்பவர்களுக்கு ஏறக்குறைய 20ஆம் வாரத்தில்தான் அசைவு தெரியும். இரண்டாம், மூன்றாம் பிள்ளை என்றால் 16ஆம் வாரத்திலேயே தெரிந்துவிடக்கூடும். தொடக்கத்தில் அது வாயு ஓடுவது போலத்தான் இருக்கும். பலர் இன்னதென்று அறிவதில்லை. 24 வாரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் மருந்தகத்தில் சொல்லிவிட வேண்டும். அதன் பின் உதையும் புரளலும் நாளுக்கு நாள் கூடி, 32ஆம் வாரத்திற்குப் பிறகு ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும்.

இங்கேதான் நம்மிடையே ஒரு தவறான ஆறுதல் உலவுகிறது. "மாதம் முற்றிவிட்டது, உள்ளே இடமில்லை, பிள்ளை அடங்கிவிட்டது" என்பார்கள். பெரியவர்கள் அன்பினால் சொல்வதுதான். ஆனால் அது உண்மையன்று. கடைசி வாரங்களில் அசைவின் விதம் மாறலாம். துள்ளி உதைப்பது குறைந்து, புரளுவதும் நெளிவதும் மிகுதியாகலாம். அசையும் தடவைகள் குறைவதில்லை. பிரசவ வலி எடுத்த பிறகும்கூட பிள்ளை அசைந்துகொண்டுதான் இருக்கும்.

பிள்ளையும் உறங்கும். ஒரு தூக்கம் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம். 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது. பகல் முழுவதும் வீட்டு வேலையில் நடமாடும் பெண்ணுக்கு அசைவு சரியாகப் புலப்படாமல் போவதும் உண்டு. மாலையிலும் இரவிலும் அசைவு மிகுதி என்பதால், கால் நீட்டிச் சாய்ந்த பிறகுதான் பலருக்கு அது தெரியும். நச்சுக்கொடி கருப்பையின் முன்பக்கம் ஒட்டியிருந்தால், 28 வாரம் வரை அது ஒரு மெத்தை போல அசைவை மறைத்துவிடுவதும் உண்டு.

அசைவு குறைவதை ஏன் பொருட்படுத்த வேண்டும்? நச்சுக்கொடி வழியாகத்தான் பிள்ளைக்கு உணவும் பிராணவாயுவும் செல்கின்றன. அந்த வரத்து குறையும்போது பிள்ளை சிக்கனம் பிடிக்கத் தொடங்குகிறது. இருக்கின்ற இரத்தத்தை மூளைக்கும் இதயத்திற்கும் முதலில் அனுப்பிவிட்டு, கைகால் அசைப்பதைக் குறைத்துக்கொள்கிறது. வீட்டில் வருமானம் குறைந்தால் நாம் முதலில் எதை நிறுத்துவோமோ, அது போலத்தான். இறந்து பிறந்த பிள்ளைகளின் தாய்மார்களில் பாதிக்கும் மேற்பட்டோர், முன்னதாகவே அசைவு குறைந்ததை உணர்ந்திருந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்கள் உணர்ந்த வேளைக்கும் மருத்துவமனையை அடைந்த வேளைக்கும் இடையே கழிந்த நேரமே என் கவலை.

மலேசிய அரசு மருந்தகங்களில் தரும் தாய்நல ஏட்டை, 'பிங்க் புக்' என்று நாம் அழைப்பதை, எல்லாரும் அறிவீர்கள். 28ஆம் வாரத்திலிருந்து குறித்துவர வேண்டிய அசைவு அட்டவணையும் தாய்மார்களிடம் கொடுக்கப்படுகிறது. காலை 9 மணிக்கு எண்ணத் தொடங்க வேண்டும். பத்து அசைவு ஆனதும் நேரத்தைக் குறித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். விக்கலை இதில் சேர்க்கக்கூடாது. இரவு 9 மணிக்குள் பத்து ஆகவில்லை என்றால் அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிரிட்டனின் கார்டிஃப் நகரின் பெயரால் வழங்கும் இம்முறை 1976ஆம் ஆண்டு மருத்துவ ஏடொன்றில் வெளியானது. நம்மில் பலர் ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்துகிறோம். 28 வாரம் என்பதும் ஏழு மாதமே. வளையல் அடுக்கும் நாளில் அட்டவணையையும் கையில் கொடுத்துவிட்டால் மறக்காது என்று உறவினர்களிடம் நான் சொல்வதுண்டு.

ஆனால் அந்தப் பத்து என்ற எண்ணை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. ஒருத்தியின் பிள்ளை நாள்தோறும் காலை 11 மணிக்குள் பத்தை முடித்துவிடும் சுறுசுறுப்புடையது என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் அது இரவு 8 மணிக்குத்தான் பத்தை எட்டுகிறது. அட்டவணைப்படி எல்லாம் சரி. என் கணக்கில் அது சரியன்று. அப்பெண் பிற்பகலிலேயே புறப்பட்டிருக்க வேண்டும். அக்காள் பிள்ளையோடும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிட்டுப் பயனில்லை. உங்கள் பிள்ளையின் வழக்கம் எதுவோ, அதிலிருந்து விலகுவதே அடையாளம்.

எண்ணுவதால் மட்டும் மரணங்கள் குறைந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 1989இல் வெளியான, ஏறத்தாழ 68,000 பெண்களைக் கொண்ட பெரிய ஆய்வில், எல்லாரையும் எண்ணச் சொன்னதால் இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட கருவுறுதல்களை வைத்து நடந்த மற்றோர் ஆய்வு 2018இல் வெளியானது. தாய்மார்களுக்கு விழிப்பூட்டி, வந்தவர்களை ஒரே ஒழுங்கில் பரிசோதித்தும், இறப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அறுவைப் பிரசவம்தான் கூடியது. எனவே நாள் முழுவதும் வயிற்றில் கை வைத்துக்கொண்டு பயந்து கிடக்க வேண்டியதில்லை. மாற்றம் கண்டால் உடனே சொல்லுங்கள் என்ற அறிவுரையை மட்டும் மருத்துவ உலகம் இன்றளவும் விட்டுவிடவில்லை.

அடுத்து, ஐஸ் மைலோ! குளிர்ந்த, இனிப்பான பானம் குடித்தால் பிள்ளை துள்ளும் என்று இந்நாட்டில் மூன்று இனத்தாரும் நம்புகிறார்கள். அதற்குத் தக்க சான்று கிடையாது. தாகத்திற்குக் குடித்தால் குற்றமில்லை; குடித்துவிட்டு இரண்டு மணி, மூன்று மணி என்று காத்திருப்பதுதான் தீங்கு. இணையத்தில் விற்கும் இதயத்துடிப்புக் கருவியும் அப்படியே. பழக்கமில்லாதவர் காதுக்குத் தாயின் நாடித் துடிப்பே பிள்ளையின் துடிப்பாகக் கேட்கும். பிள்ளையின் துடிப்பேதான் கேட்டாலும், அது நலமாக இருக்கிறது என்பதற்கு அது போதிய சான்றாகாது.

சிலர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு உடையவர்கள், பிள்ளை வளர்ச்சி குறைவு என்று சொல்லப்பட்டவர்கள், முன்னர் ஒரு பிள்ளையை இழந்தவர்கள், நாள் கடந்தும் பேறு ஆகாதவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். கருவுற்ற காலத்தில் வரும் இனிப்புநீர் நம் இந்தியப் பெண்களிடையே மிகுதி என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். 28 வாரத்திற்குப் பிறகு எல்லாருமே மல்லாந்து படுக்காமல், ஒருக்களித்துப் படுத்து உறங்குவது நல்லது. இடமோ வலமோ, எந்தப் பக்கமானாலும் சரி.

ஒரு பெண்ணை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 34 வாரம், இரண்டாவது பிள்ளை. தொழிற்சாலை வேலை முடிந்து கணவர் வந்த பிறகு, இரவு 11 மணிக்கு வந்தாள். "தொந்தரவு கொடுக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று மூன்று முறை சொன்னாள். வயிற்றில் பட்டையைக் கட்டி இதயத்துடிப்பை வரையத் தொடங்கினோம். ஏற்ற இறக்கமாக ஓட வேண்டிய கோடு, மேசை விளிம்பு போல நேராக ஓடியது. அன்றிரவே அறுவை செய்து எடுத்தார்கள். இரண்டு கிலோகூட இல்லை. சில வாரம் குழந்தைகள் பிரிவில் வைத்திருந்து பிழைத்தது. இன்னொருத்திக்குத் திங்கட்கிழமை மருந்தகத் தவணை இருந்தது. சனிக்கிழமை அசைவு நின்றிருக்கிறது; இரண்டு நாள்தானே என்று பொறுத்திருந்தாள். அவள் வயிற்றில் நான் கருவியை வைத்து எத்தனை இடம் மாற்றித் தேடியும் துடிப்பு கேட்கவில்லை. தன்னால்தான் என்று அவள் அழுதாள். அவள் குற்றமன்று. அவளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள் என்ற அச்சத்தாலும் சிலர் தயங்குகிறார்கள். முதலில் துடிப்பைக் கேட்பார்கள். பிறகு 20 நிமிடமோ கூடுதலாகவோ துடிப்பை வரைபடமாக எடுப்பார்கள். தேவையென்றால் ஸ்கேன் செய்து பிள்ளையின் வளர்ச்சி, பனிக்குட நீரின் அளவு, தொப்புள்கொடியின் இரத்த ஓட்டம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஊசியோ அறுவையோ உடனே வந்துவிடாது. ஒருமுறை அசைவு குறைந்ததென்று வருபவர்களில் பத்துக்கு ஏழு பேருக்குப் பிறகு எந்தச் சிக்கலும் ஏற்படுவதில்லை, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த வாரம் மறுபடியும் குறைந்தால் மறுபடியும் போக வேண்டும். "போன வாரம்தானே வந்தாய்" என்று யாராவது முகம் சுளித்தாலும் போக வேண்டும். இரண்டாம் முறை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவர்கள் அதைக் கூடுதல் கவனத்துடன் பார்ப்பார்கள்.

தமிழகத்திலிருந்து இங்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்களுக்காக ஒன்று. முகப்பில் மலாயில் "பேபி கூராங் கெராக்" என்று சொன்னால் போதும். பிள்ளை அசைவு குறைவு என்பது அதன் பொருள். எத்தனை வாரம், கடைசியாக எப்போது அசைந்தது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லி, தாய்நல ஏட்டைக் கொடுத்துவிடுங்கள். மாலைக்கு மேல் மருந்தகம் மூடியிருக்கும் என்பதால், நேரே மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவுக்குச் செல்லுங்கள். அது எல்லா இரவும் திறந்திருக்கும்.