கணக்கு வைக்காத அன்பு

டிசம்பர் 24ஆம் திகதி மாலை சுவிஸின் ஆராவ் நகரில் கடைகள் நேரத்தோடு பூட்டப்பட்டுவிடும். 15ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட நகரத் தேவாலயத்தின் மணி ஒலிக்கும் வேளையில் பழைய நகரத்துத் தெருக்களில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். ஜெர்மன் பேசும் சுவிஸ் பகுதியில் அன்றிரவு பரிசு கொண்டுவருவது நத்தார் தாத்தா அல்ல. 'சமிக்லவுஸ்' எனப்படும் அவர் டிசம்பர் 6ஆம் திகதியே வந்து கச்சானும் மண்டரின் பழமும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நத்தார் இரவுக்குரியவர் 'கிறிஸ்ட்கிண்ட்லி', அதாவது குழந்தை இயேசு. இங்கு வளரும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் சின்ன வயதிலிருந்தே இதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள்.

அழகான வழக்கம். ஆனால் கிறிஸ்தவ விசுவாசம் சொல்வது இதைவிடப் பெரியது. பாலன் பரிசு கொண்டுவந்தவர் மட்டுமல்ல, பாலனே பரிசு. தன்னிடம் மிஞ்சியதில் இருந்து கடவுள் எடுத்துத் தரவில்லை; தன்னையே தந்தார். மாட்டுக் கொட்டிலில் தொடங்கிய அந்தக் கொடை கல்வாரியில்தான் முடிகிறது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் திருச்சபையின் நாட்காட்டியே விடுவதில்லை. நத்தாருக்கு மறுநாள், கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் திருநாள். 28ஆம் திகதி, ஏரோதின் வாளுக்குப் பலியான மாசில்லாக் குழந்தைகளின் நினைவு. ஜனவரி 6ஆம் திகதி ஞானிகள் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் மூன்று பொருள்களில் ஒன்று வெள்ளைப்போளம். இறந்த உடலுக்குப் பூசும் நறுமணப் பொருள் அது. பின்னாளில் இயேசுவை அடக்கம் செய்ய நிக்கதேம் சுமந்து வந்ததிலும் வெள்ளைப்போளம் இருந்தது என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. தொட்டில் குழந்தைக்குச் சாவுச் சாமானைக் காணிக்கையாகக் கொடுக்கும் காட்சியை எத்தனை பாலன் குடில்களில் பார்த்திருக்கிறோம்! நின்று யோசித்தவர்கள் குறைவு.

அதே ஜனவரி 6ஆம் திகதி சுவிஸ் வெதுப்பகங்களில் 'மூன்று அரசர் கேக்' விற்பார்கள். உள்ளே ஒரு சிறிய அரசர் பொம்மை மறைந்திருக்கும். யாருடைய துண்டில் அது வருகிறதோ அவருக்குக் காகித முடி. வேலைத்தளத்திலும் வீட்டிலும் எல்லோரும் சேர்ந்து உண்பார்கள். இலங்கையின் மன்னார் மக்களுக்கு அந்தத் திகதி வேறொன்றையும் நினைவூட்டும். 1985ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி வங்காலை புனித அன்னம்மாள் ஆலய வளவில் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் இராணுவத்தால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு வேறு பலரும் உயிரிழந்தார்கள். மன்னாரில் அப்போது நடந்த கொலைகளைப் பற்றி வாய் திறந்து பேசியவர் அவர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், 1984 டிசம்பரில், முருங்கன் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டிருந்தார். அந்த நத்தார் எப்படிப்பட்ட பயத்துக்குள் வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பயத்துக்குள்ளும் மேரி பஸ்ரியன் அடிகளார் தன் பங்கு மக்களோடுதான் இருந்தார். வங்காலையின் கடற்றொழிலாளர் குடும்பங்களால் அவருக்கு எதைத் திருப்பிக் கொடுத்திருக்க முடியும்? அவருடைய உடலைக்கூட அவர்களால் அடக்கம் செய்ய முடியவில்லை. அது கையளிக்கப்படவே இல்லை.

கடவுளின் தியாக அன்பு எப்படியிருக்கும் என்று கேட்பவருக்கு நான் முதலில் சொல்வது இவருடைய பெயரைத்தான். திருப்பித் தர முடியாதவர்களுக்காகத் தன்னைக் கொடுப்பது. கொடுத்த பின் கணக்கு வைக்காதது.

இதை இங்கே, எங்கள் வீடுகளை நோக்கியே சொல்ல வேண்டியிருக்கிறது. 80களில் அகதிகளாக வந்த தலைமுறை உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவியது. ஊருக்குக் காசு அனுப்பியது. சகோதரிகளைக் கட்டிக் கொடுத்தது. அந்த உழைப்பின் முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் கிம்னாசியத்துக்குப் போகாமல் தொழிற்பயிற்சிக்குப் போக விரும்பும் மகனிடமும், தனக்குப் பிடித்தவரைக் கட்ட நினைக்கும் மகளிடமும் எடுத்த எடுப்பில் என்ன சொல்கிறோம்? "உனக்காகத்தானே இந்தக் குளிருக்குள்ள கிடந்து கஷ்டப்பட்டனான்!" அந்த ஒரு வசனத்தில் கொடை கடனாகிவிடுகிறது. கேட்கும் பிள்ளை அன்பை உணர்வதில்லை, வட்டியைத்தான் உணர்கிறது.

ஊதாரி மகன் கதையைக் கவனித்து வாசியுங்கள். வீடு திரும்பும் மகன் வழியிலேயே ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். அதன் கடைசிப் பகுதி, தன்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்பது. உழைத்துக் கடனைத் தீர்க்கும் திட்டம் அது. தந்தையின் முன் நின்று பேசத் தொடங்குகிறான். கூலியாளாகக் கேட்கும் பகுதிக்கு வருமுன்னரே தந்தை முதல்தரமான உடைக்கும் மோதிரத்துக்கும் கட்டளையிட்டு விடுகிறார். லூக்காவின் நற்செய்தியில் என்னை அதிகம் அசைத்த இடம் இதுதான்.

தியாகம் என்ற பெயரில் இன்னொருவர் தலையில் சுமையை ஏற்றுவதும் இந்த அன்பில் சேராது. நத்தார் விருந்துக்கு நாள் முழுக்க அடுப்படியில் நிற்கும் பெண்ணிடம் தியாகத்தைப் போதிக்க யாருக்கும் உரிமையில்லை. தன் உயிரை யாரும் பறிக்கவில்லை, தானே கொடுப்பதாக இயேசு சொன்னார். மனமுவந்து கொடுத்தால்தான் அது கொடை.

கணக்கு வைக்காமல் கொடுப்பதற்கு ஆராவ் நகரிடமும் ஓர் உதாரணம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வீட்டில் குடும்பமாக வாசிப்பதற்கான தியானக் கட்டுரைகள் இங்கிருந்து வெளிவந்தன. ஐரோப்பாவெங்கும் வாசிக்கப்பட்டன. எழுதியவர் பெயர் அதில் இல்லை. அரசியல்வாதியும் எழுத்தாளருமான ஹைன்றிக் சொக்கே, தான்தான் அவற்றை எழுதியதாகப் பல ஆண்டுகள் கழித்து 1842இல் வெளியான தன்வரலாற்றில்தான் ஒப்புக்கொண்டார். அவருடைய இறையியலில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. ஆனால் பெயர் போடாமல் கொடுத்த அந்தக் கை எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த நத்தாருக்குப் பெற்றோரிடம் இரண்டு வேண்டுகோள். பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும்போது, அவர்களுக்காக நீங்கள் பட்ட பாட்டையும் பொதி செய்து கொடுக்காதீர்கள். ஜனவரி 6ஆம் திகதி கேக்கை வெட்டும்போது, மேரி பஸ்ரியன் அடிகளாரைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள்.